வாசகர் கேள்வி-பதில்: நாய்க்கடியில் தொடங்குங்கள்

கேள்வி: ஷெர்லாக் ஹோம்ஸின் கல்லூரிக் காலத்தை 40 பக்கச் சித்திரக்கதையாக வரைய ஆசை. ஆனால் கானன் டாயில் அவருடைய இளமையைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே, எல்லாவற்றையும் நானேதான் கற்பனை செய்ய வேண்டுமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: ஒன்றுமே எழுதவில்லை என்று யார் சொன்னது? 1893-ல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் அடுத்தடுத்து வந்த 'க்ளோரியா ஸ்காட்', 'மஸ்கிரேவ் ரிச்சுவல்' இரண்டையும் எடுத்துப் படியுங்கள், உங்கள் 40 பக்கத்துக்கும் அதில் சரக்கு இருக்கிறது. முதல் கதை எப்படி ஆரம்பிக்கிறது பாருங்கள். யாரோடும் ஒட்டாத ஒரு மாணவன், தேவாலயத்துக்குப் போகும் வழியில் சக மாணவனின் புல் டெரியர் நாய் அவன் கணுக்காலைக் கவ்விவிடுகிறது, பத்து நாள் படுக்கை. நாய்க்குச் சொந்தக்காரனான விக்டர் டிரெவர் தினமும் வந்து எப்படி இருக்கிறாய் என்று விசாரிக்கிறான், அப்படித்தான் ஹோம்ஸுக்குக் கல்லூரியில் கிடைத்த ஒரே நண்பன் கிடைக்கிறான். வசனமே இல்லாமல் இரண்டு பக்கம் வரையலாம். கட்டுப்போட்ட கால், கதவருகே தயங்கி நிற்கும் பையன், அடுத்த கட்டத்தில் அதே பையன் நாற்காலியில், அதற்கடுத்த கட்டத்தில் நாற்காலி கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில்.

அப்புறம் விடுமுறைக்கு நண்பனின் நார்ஃபோக் வீட்டுக்குப் போகிறான். சாப்பாட்டுக்குப் பிறகு நண்பனின் அப்பா, எங்கே என்னைப் பார்த்து ஏதாவது சொல் பார்க்கலாம் என்கிறார். பையனும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் ஜே.ஏ. என்ற எழுத்துகளில் பெயர் தொடங்கும் ஒருவரோடு நெருக்கமாக இருந்து, பிறகு அவரை அடியோடு மறக்க நினைத்தீர்கள் என்கிறான். பெரியவர் மேஜைமேல் சிதறிக் கிடந்த கொட்டை ஓடுகளுக்குள் முகம் குப்புற மயங்கி விழுகிறார். படகில் மீனை இழுத்துப் போடக் கையை மடித்துவிட்டபோது, முழங்கை மடிப்பில் பாதி அழிந்துபோன பச்சை குத்தலை ஹோம்ஸ் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான் விஷயம். டாயில் இதைப் பின்னால்தான் சொல்கிறார். நீங்கள் மீன்பிடிக் காட்சியை நாலு பக்கம் முன்னாலேயே வைத்து, அந்தக் கையை ஒரு கட்டத்தின் ஓரத்தில் சத்தமில்லாமல் வரைந்துவிடுங்கள், வாசகன் பக்கத்தைத் திருப்பிப் போய்த் தேடுவான்.

எனக்கு இந்தக் கதை பிடித்ததற்குக் காரணமே இதுதான். தன் திறமை இன்னொரு மனிதரை எவ்வளவு தூரம் காயப்படுத்தும் என்று தெரியாத வயது அது. துப்பறிவதுதான் உன் தொழில் என்று அவனிடம் முதலில் சொல்பவரும் மயக்கம் தெளிந்த அதே பெரியவர்தான். இந்த இடத்தில் ஹோம்ஸின் முகத்தில் பெருமை மட்டும் தெரிந்தால் பாத்திரம் கெட்டுவிடும், பயமும் தெரிய வேண்டும். புகைக்குழாயும் இரட்டை முனைத் தொப்பியும் மாட்டி, வளர்ந்த ஹோம்ஸைச் சின்னதாக்கிய மாதிரி வரைந்துவிடாதீர்கள். தொப்பியே ஸ்ட்ராண்டில் சிட்னி பேஜட் வரைந்த படங்களால் ஒட்டிக்கொண்டதுதான்.

கேள்வி: அதே கதையில் வரும் ரகசியக் கடிதத்தைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? மொழிபெயர்த்தால் புதிரே காணாமல் போகிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மொழிபெயர்க்கவே கூடாது, புதிதாகக் கட்ட வேண்டும். மூலத்தில் வேட்டைப் பறவை, ஈ ஒட்டும் காகிதம் என்று சம்பந்தமில்லாமல் ஓடும் கடிதம் அது, முதல் சொல்லிலிருந்து இரண்டிரண்டு சொல் தள்ளிப் படித்தால் எச்சரிக்கை வெளியே வரும். நான் உட்கார்ந்து முயன்று பார்த்தது இது: "ஆட்டம் பார்க்கப் போனோம், முடிந்தது மாலை ஐந்துக்கு. ஹட்சன் தோட்டத்துக் கணக்கைச் சொல்லிவிட்டான். கூரைக்குத் தேவை ஓடு." ஒன்று, நான்கு, ஏழு, பத்து, பதின்மூன்றாவது சொற்களை மட்டும் படியுங்கள் (ஹட்சன், கதையில் பெரியவரின் பழைய ரகசியம் தெரிந்து மிரட்டுகிறவன்). கூரை ஓடு தப்பி ஓடுகிற ஓடாக மாறும் வசதி நம் மொழியில் சும்மா கிடைக்கிறது, அதை விடலாமா! ஹோம்ஸும் இதை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கவில்லை. பின்னாலிருந்து படித்துப் பார்க்கிறான், ஒன்று விட்டு ஒன்று படித்துப் பார்க்கிறான், இரண்டும் உளறலாக வருகிறது. அந்தத் தோல்விகளுக்கும் ஆளுக்கொரு கட்டம் கொடுங்கள். எழுத்துகளைக் கையால் எழுதுங்கள், கணினி எழுத்துரு வேண்டாம்.

கேள்வி: மஸ்கிரேவ் கதையில் கணக்கு வருகிறதே, காமிக்ஸில் அலுப்பாக இருக்காதா? (வாசகர், சேலம்)

பதில்: படம் இல்லாமல் படித்தால்தான் அலுப்பு. ஒளித்துவைத்த பொருளின் இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் எல்ம் மரத்தின் நிழல் எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டும். மரம் மின்னல் தாக்கி வெட்டப்பட்டு இடம் மட்டும் இருக்கிறது, உயரம் 64 அடி என்று வீட்டுச் சொந்தக்காரர் மஸ்கிரேவுக்கு நினைவிருக்கிறது. ஆறடிக் கோலுக்கு ஒன்பதடி நிழல் என்றால் 64 அடி மரத்துக்கு 96 அடி. இல்லாத மரத்தைப் புள்ளிக்கோட்டில் வரைந்து அதன் நிழலை மட்டும் கறுப்பாக நிரப்புங்கள், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். அதற்கு முன் ஒரு பக்கம், பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பக்கத்து மான்டேகு தெருவில் வேலை வராமல் புத்தகத்தோடு காத்துக்கிடக்கும் ஹோம்ஸுக்கு ஒதுக்குங்கள். அந்தக் காத்திருப்பை யாரும் சரியாக வரைந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். டாயில் 1930-லேயே இறந்துவிட்டார், இங்கே உரிமை முடிந்து வெகுநாளாகிறது. அமெரிக்காவில் மிச்சமிருந்த கடைசிக் கதைகளும் 2023 தொடக்கத்தில் பொதுவுடைமையாகிவிட்டன. பிற்காலப் படங்களிலும் தொடர்களிலும் புதிதாகச் சேர்த்த பாத்திரங்களையும் சம்பவங்களையும் மட்டும் தொடாதீர்கள், அவை மற்றவர்களுடையவை.

கேள்வி: வாட்சன் இல்லாமல் ஹோம்ஸ் கதையா? பள்ளியிலேயே இருவரையும் சந்திக்க வைத்தால் என்ன? (வாசகர், மதுரை)

பதில்: 1985-ல் வந்த ஹாலிவுட் படம் ஒன்று அப்படித்தான் செய்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த இரண்டு கதைகளையும் டாயிலே பேக்கர் தெருவில், குளிர்கால இரவில், ஹோம்ஸ் வாட்சனுக்குச் சொல்வதாகத்தான் எழுதியிருக்கிறார். கணப்படுப்பருகே இரண்டு நாற்காலி போடுங்கள், வாட்சன் அங்கே உட்கார்ந்து கேட்கட்டும்.