வாசகர் கேள்விகள்: டப்ளின் ட்ராம்களை நிறுத்திய ஜிம் லார்க்கின்

இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே ஆளைச் சுற்றித்தான். போன இதழில் 1929 கொழும்பு ட்ராம் வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதும்போது, அதற்குப் பதினாறு வருடம் முன்பே டப்ளினில் ட்ராம்களை நிறுத்தியவர் ஜேம்ஸ் லார்க்கின் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மெத்த மகிழ்ச்சி. ஓய்வூதியம், காணி உறுதி பற்றிய கேள்விகளுக்கு அடுத்த மாதம் பதில் தருகிறேன்.

கோண்டாவில், உயர்தர வகுப்பு மாணவி: லார்க்கின் அயர்லாந்துக்காரரா, இங்கிலாந்துக்காரரா? எந்தத் தொழிலிலிருந்து தொழிற்சங்கத்துக்கு வந்தார்?

பிறந்தது இங்கிலாந்தில், லிவர்பூல் நகரத்தில், 1874 இல். தாய் தகப்பன் பஞ்சம் பிழைக்கப் போன அயர்லாந்துக்காரர். சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனவர். பிறகு துறைமுகத்தில் மூட்டை இறக்கி, அங்கேயே கங்காணியாக உயர்ந்தார்.

பிள்ளை, இந்தக் கங்காணி வேலையைக் கவனியுங்கள். 1905 இல் அவர் வேலை செய்த கப்பல் கொம்பனியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கங்காணிமார் பொதுவாக முதலாளி பக்கம் நிற்பார்கள். லார்க்கின் தொழிலாளரோடு வெளியே வந்தார். போராட்டம் தோற்றது, அவருடைய வேலையும் போயிற்று. துறைமுகத் தொழிலாளர் சங்கம் அவரைத் தன் அமைப்பாளராக எடுத்துக்கொண்டது. நல்ல சம்பளமும் அதிகாரமும் கையில் இருந்த வேளையில் அதை விட்டுவிட்டு வந்தவர் என்பதால்தான் டப்ளின் கூலிக்காரர் பின்னாளில் அவர் சொன்னதை நம்பினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

வல்வெட்டித்துறை வாசகர்: மதத்தால் பிரிந்து கிடந்த பெல்ஃபாஸ்ட் நகரத்தில் அவர் தொழிலாளரை ஒன்றாக்கினார் என்கிறார்களே, உண்மையா? அது நிலைத்ததா?

உண்மை. ஆனால் நிலைக்கவில்லை.

1907 தொடக்கத்தில் சங்கம் அவரை பெல்ஃபாஸ்டுக்கு அனுப்பியது. அந்த நகரத்தில் புரட்டஸ்தாந்தருக்கு ஒரு தெரு என்றால் கத்தோலிக்கருக்கு இன்னொரு தெரு. வேலையும் அப்படித்தான் பிரிந்திருந்தது. முதலில் துறைமுகத் தொழிலாளர், பிறகு வண்டிக்காரர் என்று வேலைநிறுத்தம் பரவியது. எதிரே நின்றவர்களில் முக்கியமானவர் தோமஸ் கல்லாஹர், புகையிலைத் தொழிற்சாலைக்கும் கப்பல் கொம்பனிக்கும் சொந்தக்காரர். ஜூலை 12 புரட்டஸ்தாந்தர் ஊர்வலம் போகும் நாள், கலவரம் வெடிக்கும் நாள் என்று எல்லோரும் பயந்த நாள். அந்த வருடம் அது வேலைநிறுத்தத்தை உடைக்கவில்லை. மாத முடிவில் இரண்டு பக்கத் தொழிலாளரும் இரண்டு பக்கத் தெருக்கள் வழியாகவும் சேர்ந்து நடந்தார்கள். பொலிஸ்காரரே தங்கள் சம்பளத்தையும் வேலைச் சுமையையும் சொல்லிக் கலகம் செய்தார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் இராணுவத்தை இறக்கியது. ஓகஸ்ட்டில் கத்தோலிக்கர் வாழும் ஃபோல்ஸ் பகுதியில் இராணுவம் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். சூடு நடந்தது ஒரு சமூகத்தின் தெருவில், அதோடு பழைய பிரிவு மெல்லத் திரும்பி வந்தது. லிவர்பூலில் இருந்த சங்கத் தலைமையும் லார்க்கினைத் தாண்டிப் பேசி, தொழிலாளருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காத ஒப்பந்தத்தோடு போராட்டத்தை முடித்துவிட்டது.

சில மாதம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரிந்து வாழப் பழகிய சனங்கள் கூலிக் கணக்கில் ஒன்றாக நிற்கலாம் என்பது அந்தச் சில மாதத்தில் கண்ணால் கண்ட விஷயம். இந்தத் தீவில் வாழ்கிற எவருக்கும் அது சின்ன விஷயமாகத் தெரியக்கூடாது.

நெல்லியடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: 1913 டப்ளின் போராட்டம் தோற்றுப்போனது. தோற்றதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

ஐயா, அதற்கு முந்திய நிலைமையிலிருந்து சொல்ல வேண்டும். டப்ளினில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் குடும்பத்துக்கு ஒரே அறை என்று குடியிருந்தன. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அந்த ஒரே அறைக்குள். துறைமுகக் கூலிக்கு நாளாந்த வேலை, அதுவும் ஒப்பந்தக்காரன் கை காட்டினால்தான். கூலியைக் கொடுப்பதும் தவறணையில் வைத்துத்தான். வாங்கிய காசில் பாதி அங்கேயே போய்விடும். லார்க்கின் வாழ்நாளில் மதுவைத் தொடாதவர். தவறணையில் சம்பளம் கொடுக்கும் வழக்கத்தை ஒழித்தார். எத்தனை வீடுகளில் பெண்கள் அதற்காக அவரை வாழ்த்தியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

1909 இல் அயர்லாந்து போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். பழைய சங்கங்கள் தச்சர், அச்சுக்கோப்பவர் என்று தொழில் தெரிந்தவர்களுக்கு. இது கைத்தொழில் தெரியாத கூலிக்காரருக்கு. 1911 இல் ஒரு வாரப் பத்திரிகையும் நடத்தினார். எங்கள் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி சுருட்டுச் சுற்றுவார்களே, அப்படிக் கூடியிருந்து கேட்பதற்கென்றே எழுதியது போன்ற சூடான பத்திரிகை. அதே வருடம் தொடங்கிய பெண் தொழிலாளர் சங்கத்தை அவருடைய சகோதரி டீலியா நடத்தினார்.

எதிர்ப்பக்கத்தில் வில்லியம் மார்ட்டின் மர்பி. ட்ராம் கொம்பனி, பெரிய தினசரி, கடைமாளிகை, இம்பீரியல் ஹோட்டல் எல்லாம் அவருடையவை. லார்க்கினின் சங்கத்தில் சேர்ந்தால் வேலை இல்லை என்றார். 1913 ஓகஸ்ட் 26 காலையில் ட்ராம் சாரதிகளும் கண்டக்டர்களும் சங்கத்தின் செங்கைச் சின்னத்தை உடுப்பில் குத்திக்கொண்டு, வண்டிகளை நடுத்தெருவில் விட்டு இறங்கி நடந்தார்கள். நகரத்தில் குதிரைக் கண்காட்சி நடக்கும் கிழமை, வெளியூர்ப் பணக்காரர் நிறைந்திருந்த நேரம். கூட்டம் கூடக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. ஓகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை, லார்க்கின் பொய்த் தாடி ஒட்டிக்கொண்டு மர்பியின் சொந்த ஹோட்டலுக்குள்ளேயே போய் மேல்மாடியில் நின்று பேசத் தொடங்கினார். உடனே பிடித்துவிட்டார்கள். கீழே நின்ற சனத்தைப் பொலிஸ் பொல்லால் அடித்து விரட்டியது. இரண்டு நாள் கழித்து சேர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய குடியிருப்பு வீடுகள் இடிந்து ஏழு பேர் செத்தார்கள். தொழிலாளி எப்படி வாழ்கிறான் என்று அதற்குமேல் யாரும் மேடை போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

400 க்கு மேற்பட்ட முதலாளிகள் சேர்ந்து, சங்கத்தை விடாத தொழிலாளருக்கு வேலை இல்லை என்று கதவடைப்புச் செய்தார்கள். ஏறத்தாழ 20,000 தொழிலாளர் வெளியே. செப்டெம்பர் முடிவில் பிரித்தானியத் தொழிற்சங்கங்கள் ஒரு கப்பல் நிறைய உணவு அனுப்பின. பாதை மூடிக் கிடந்த வருடங்களில் மா, சீனி எப்போது கப்பலில் வரும் என்று காத்திருந்த எங்களுக்கு, அந்தக் கப்பல் துறைக்குள் வந்தபோது டப்ளின் சனத்தின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டினி கிடந்த பிள்ளைகளைச் சில காலம் இங்கிலாந்து வீடுகளில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு ஏற்பாடு நடந்தது. பிள்ளைகளின் மதம் கெட்டுப்போகும் என்று பேராயர் வோல்ஷ் அதை எதிர்த்தார். டிசெம்பரில் பிரித்தானியச் சங்கங்கள், தாங்களும் அனுதாப வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று தீர்மானித்தன. 1914 தொடக்கத்தில் சனம் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பியது.

தோல்விதான், ஐயா. ஆனால் மர்பி அழிக்க நினைத்த சங்கம் அழியவில்லை. 1920 அளவில் அதில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர் இருந்தார்கள். அதனால்தான் பெரிதாகச் சொல்கிறார்கள்.

சாவகச்சேரி வாசகர்: அமெரிக்காவில் சிறையில் இருந்தாராமே?

ஆம். 1914 ஒக்ரோபரில் பணம் திரட்டவும் ஓய்வெடுக்கவும் போனவர் 1923 வரை திரும்பவில்லை. இடதுசாரி இயக்கத்தில் இறங்கியதற்காக நியூயோர்க்கில் தண்டனை பெற்று சிங் சிங் சிறையில் இருந்தார். ஆளுநர் அல் ஸ்மித் மன்னிப்புக் கொடுத்தார், பிறகு நாடுகடத்தினார்கள். அந்த ஒன்பது வருடத்துக்குள் அயர்லாந்தில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக எழுச்சி நடந்து, சங்கத்தில் அவரோடு நின்ற தோழர் ஜேம்ஸ் கொனலியை 1916 மே மாதம் பிரித்தானியர் சுட்டுக் கொன்று, நாடே வேறாகிவிட்டது.

மானிப்பாய், வங்கி ஊழியர்: தொழிற்சங்கத் தலைவர் அரசியலுக்குப் போனால் இரண்டும் கெடும் என்பது என் அனுபவம். லார்க்கின் பாராளுமன்றத்தில் என்ன சாதித்தார்?

தம்பி, பாராளுமன்றத்துக்குள் மட்டும் தேடினால் கொஞ்சம்தான். ஆனால் அவர் அரசியலுக்கு வந்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். தெருவில் வென்றதை ஒரு சட்டம் போட்டுப் பறித்துவிடலாம் என்று அவருக்குத் தெரியும். 1912 இலேயே, சங்கங்களுக்கு ஒரு தொழிற்கட்சி வேண்டும் என்று, சங்கங்கள் எல்லாம் கூடும் தொழிற்சங்கக் காங்கிரஸ் எடுத்த முடிவில் கொனலியோடு அவருக்கும் பங்கு உண்டு. அதே வருடம் டப்ளின் மாநகரசபைக்குத் தெரிவானார். முன்பு பெற்ற ஒரு சிறைத்தண்டனையைக் காட்டி ஆசனத்தைப் பறித்தார்கள்.

கெட்டது எங்கே என்று கேட்டால், 1923 க்குப் பிறகு. அவர் திரும்பி வந்தபோது சங்கத்தை வளர்த்து நடத்திக்கொண்டிருந்தவர் வில்லியம் ஓபிரையன். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர், மேடைப் பேச்சு அவருக்கு வராது. இருவருக்கும் ஒத்துவரவில்லை. வழக்கு, வசை, கட்டிடத்தைப் பிடிக்கும் சண்டை. 1924 இல் லார்க்கின் மொஸ்கோவில் இருக்கும்போதே அவருடைய தம்பி பீற்றர் அயர்லாந்துத் தொழிலாளர் சங்கம் என்று புதிதாகத் தொடங்கினார், டப்ளின் அங்கத்தவரில் பெரும்பகுதி அங்கே போனது. 1927 செப்டெம்பரில் லார்க்கின் பாராளுமன்றத் தேர்தலில் வென்றார். ஆனால் ஓபிரையன் போட்ட அவதூறு வழக்கில் கட்ட வேண்டிய காசைக் கட்ட மறுத்து, சட்டப்படி வங்குரோத்தானவர் ஆகியிருந்ததால் ஆசனத்தில் உட்கார முடியவில்லை. சனம் வாக்குப் போட்டது, வழக்கு அதை விழுங்கியது.

1937 இல் மறுபடி வென்றார், 1938 இல் தோற்றார். இடையில் மாநகரசபையில் வேலை செய்தார். 1941 இல் தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமூலம் வந்தபோது ஒரு பெருங்கூட்டத்தில் அதன் பிரதியை மேடையிலேயே கொளுத்தினார். அந்த எதிர்ப்புத்தான் அவரைத் தொழிற்கட்சிக்குள் திருப்பிக் கொண்டுவந்தது. 1943 தேர்தலில் அவரும் மகன் ஜேம்ஸும் ஒன்றாகத் தெரிவானார்கள். கட்சிக்கு 17 ஆசனம், முன்பு இருந்ததைப்போல் ஏறத்தாழ இரட்டிப்பு. ஆனால் லார்க்கினைச் சேர்த்ததைக் காரணம் காட்டி, 1944 ஜனவரியில் ஓபிரையனின் சங்கம் கட்சியை விட்டு விலகியது. ஐந்து உறுப்பினர்கள் பிரிந்து தனிக்கட்சி. அந்த வருடத் தேர்தலில் கட்சி 8 ஆசனத்துக்கு விழுந்தது. லார்க்கினும் தோற்றார்.

இதில் என் மனம் முழுக்க லார்க்கின் பக்கம் இல்லை. அவரால் பத்தாயிரம் பேரை எழுந்து நிற்கச் செய்ய முடிந்தது, நாலு பேரோடு ஒரு மேசையில் சமமாக உட்கார முடியவில்லை. அதன் விலையைக் கூலிக்காரர் கொடுத்தார்கள். நான் எழுதுவினைஞராக இருந்த அலுவலகங்களில் ஒன்றில் ஒரே மாடியில் கட்சிக்கொன்றாகச் சங்கங்கள். சந்தா வாங்கப் போனால் பக்கத்து மேசைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இடமாற்றம் என்று அநியாயம் வந்தபோது எவராலும் தனியே தடுக்க முடியவில்லை. அதைப் பார்த்தவன் என்பதால், லார்க்கின், ஓபிரையன் சண்டையை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இரண்டு சங்கமும் மறுபடி ஒன்றானது 1990 இல். அறுபத்தாறு வருடம் போய்விட்டது.

அதே வாசகரின் மற்றக் கேள்வி: மகன் எப்படி?

தகப்பனைப்போல் இடி முழக்கம் இல்லை, அமைதியான ஆள். 1957 வரை பாராளுமன்றத்தில் இருந்தார். தகப்பனுக்குப் பிறகு சங்கத்தை நடத்தி, பிரிந்த தொழிற்சங்கக் காங்கிரஸ்களை 1959 இல் ஒன்றாக்குவதற்கும் உழைத்தார். என்னைக் கேட்டால் மகனைப்போல் நாலு பேர் இருந்தால் ஒரு சங்கம் பிழைக்கும்.

சுன்னாகம் வாசகி: அவருடைய முடிவு எப்படி? எங்கள் நாட்டில் அவரோடு வைத்துப் பேசக்கூடியவர் யார்?

1946 முடிவில் சங்கக் கட்டிடத்தின் திருத்த வேலையைப் பார்க்கப் போனவர் தளம் உடைந்து விழுந்து காயப்பட்டார். அதிலிருந்து மீளாமல் 1947 ஜனவரி 30 இல் இறந்தார். பனி கொட்டும் குளிரில் தொழிலாளர் ஊர்வலமாகப் போனார்கள். 1913 இல் ஒரு பேராயர் எதிர்த்த மனிதருக்கு இறுதிப் பூசையை நடத்தியவரும் டப்ளின் பேராயர்தான்.

எங்கள் நாட்டில் எல்லோரும் சொல்வது கொழும்புத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவை. 1923 பொது வேலைநிறுத்தம், 1929 ட்ராம் வேலைநிறுத்தம், அதே வருடம் முதலாளிமாரோடு கூட்டு ஒப்பந்தம், பிறகு அரசசபை என்ற அந்தக் காலத்துச் சட்டசபை, கொழும்பு மேயர் பதவி. ஓட்டம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் 1930 களில் வேலை இல்லாத் திண்டாட்டம் வந்தபோது அவர் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். பெல்ஃபாஸ்டில் லார்க்கின் செய்ததற்கு நேர் எதிர். அதனால் நான் வைத்துப் பேசுவது கோ. நடேசய்யரை. குணசிங்கவோடு சங்கத்தில் இருந்து பிரிந்து, 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கு முதல் சங்கம் அமைத்தவர். தோட்டத்துக்குள் கூட்டம் போடவே விடாத காலத்தில், அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் மெட்டில் பாட்டுப் பாடி ஆட்களைச் சேர்த்தார். நடேசய்யர் 1936 இல் ஹற்றனில் அரசசபைக்குத் தெரிவானார். அவரும் இறந்தது 1947 இல்தான். அதே வருடம் ஜூன் 5 இல், கொழும்பில் வேலைநிறுத்த ஊர்வலத்தில் பொலிஸ் சுட்டு அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி இறந்தார். சங்கத்தில் எனக்கு முந்திய தலைமுறை அவர் பெயரைச் சொல்லாமல் கூட்டம் தொடங்கியதில்லை.

அம்மா, நீங்கள் கடிதத்தில் உங்கள் தகப்பனார் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய சங்க அட்டை, துண்டுப்பிரசுரம், கூட்டக் குறிப்பு எதுவும் இடம்பெயர்வில் தப்பியிருந்தால் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். சுருட்டுத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளையும் இதையே கேட்கிறேன். ஐந்தாறு சேர்ந்தாலும் போதும், அடுத்த இதழில் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே தருகிறேன்.