மூட்டு வீங்கினால் மனமும் சோருமா?

நிலாவெளியிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அம்மாவுக்கு 56 வயது, மூன்று வருடமாகச் சரவாங்கி (மூட்டுகள் அழன்று வீங்கும் முடக்குவாதம்). இரண்டு மாதமாக எதிலும் நாட்டமில்லை. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. 18 என்று வந்திருக்கிறது. அழற்சி அடங்கினால் மனமும் தெளியுமா? பாமசியில் டைக்ளோபினாக் வாங்கிக் கொடுக்கலாமா?"

டைக்ளோபினாக்கை நீங்களாக வாங்க வேண்டாம். அது வலியைத் தணிக்கும். வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் கொண்டுவரக்கூடும். மனச்சோர்வுக்கான சில குளிசைகளோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயமும் கூடும்.

ஆனால் உங்கள் சந்தேகம் வீணானதல்ல. காய்ச்சல் வந்தால் பசி போய்விடும், பேச்சுப் பிடிக்காது, சுருண்டு படுக்கத் தோன்றும். நோயெதிர்ப்புக் கலங்கள் சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற இரசாயனச் சமிக்ஞைகள் மூளையை எட்டுவதால் வருவது அது. காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும்; சரவாங்கியில் அந்தச் சுரப்பு மாதக்கணக்கில் ஓயாது. ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரோன் ஊசி (அதுவும் ஒரு சைட்டோகைன்தான்) போட்டபோது, அதற்குமுன் மனச்சோர்வே இல்லாத பலருக்கு அது வந்தது. அம்மாவைச் 'சோம்பல்' என்று சொல்லும் உறவினருக்கு இதைச் சொல்லுங்கள்.

அதற்காக அழற்சியை அடக்கினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். 2013இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், மருந்துக்கு மசியாத மனச்சோர்வுள்ள 60 பேருக்கு அழற்சி எதிர்ப்பு ஊசியான இன்ஃப்ளிக்சிமாப்பையோ மருந்தில்லாத வெறும் ஊசியையோ கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் வித்தியாசம் இல்லை, தொடக்கத்தில் சி.ஆர்.பி. 5க்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பலனுக்கான அறிகுறி தெரிந்தது. மனச்சோர்வுள்ள பலருக்கு சி.ஆர்.பி. சாதாரணமாகவே இருக்கும். அம்மாவின் 18 மூட்டைப் பற்றிப் பேசுகிறது. மனத்தை அளக்கும் எண் அது அல்ல.

ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும். நாட்டமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினாலே மனநல வைத்தியரிடம் காட்டலாம். மூட்டு வீக்கம் இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கன்னியா வெந்நீரூற்றில் குளிப்பது இதமாக இருக்கும், போய்வரட்டும், ஆனால் அது கிளினிக்குக்கு மாற்றல்ல. "செத்தால் நல்லது" என்ற சொல் வாயில் வந்தால் கிளினிக் திகதியைப் பாராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

அடுத்த கிளினிக்குக்குமுன், காலையில் விரல்கள் மடங்க எத்தனை நிமிடமாகிறது, இரவில் எத்தனை மணிநேரம் தூங்குகிறார் என்பதை ஒரு கொப்பியில் தினமும் குறித்து வையுங்கள். மருந்தை மாற்ற வேண்டுமா என்று வைத்தியர் யோசிக்கையில் அந்தக் கொப்பியைத்தான் கேட்பார்.