டயரை மாற்றும் முன் சாக்பீஸை எடுங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கறுப்பு மண் தோட்டம். 45 எச்.பி. டூ வீல் டிரைவ் டிராக்டர், பின் டயர் 13.6-28 (அகலம் 13.6, ரிம் 28 அங்குலம்). ஒன்பது கொத்துக் கலப்பையை ஆழம் விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. 14.9-28 டயர் போடலாமா, எடைக்காக டயருக்குள் தண்ணீர் ஏற்றினால் போதுமா?

பதில்: முதலில் வழுக்கலை அளந்துவிடுங்கள். பின் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி பத்துச் சுற்று ஓட்டினால் சுமார் 40 மீட்டர் வரும். அதே நிலம், அதே கியர். கலப்பையை இறக்கி உழுது மறுபடி பத்துச் சுற்று அளந்து பாருங்கள். 34 மீட்டர் வந்தால் வழுக்கல் 15 சதவீதம், அதுவரை சரிதான். 30 மீட்டர் என்றால் கால்வாசி டீசல் வீண். 37-க்கு மேல் போனால் எடை ஏற்கெனவே அதிகம். மண் இறுகும், கியர்பாக்ஸுக்கும் பாரம்.

மண்ணில் ஈரம் மிஞ்சி டயர் கட்டைகளுக்கு (பிடிமானத்துக்கான ரப்பர் மேடுகள்) நடுவே அப்பிக்கொண்டால் எந்த எடையும் உதவாது. பதம் வரட்டும்.

அடுத்து காற்று. டிரெய்லர் இழுக்க அதிகமாக ஏற்றிய காற்றோடு தோட்டத்தில் இறங்குவதுதான் பலர் செய்வது. உழவுக்கு 12 முதல் 14 பிஎஸ்ஐ வழக்கம். உங்கள் கையேட்டில் உள்ளதையே வையுங்கள். பின்னால் நின்று பார்த்தால் கட்டைகளின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். டிராஃப்ட் லீவரையும் பயன்படுத்துங்கள்: இழுவை கூடும்போது அது கலப்பையைச் சற்றே தூக்கி, பாரத்தைப் பின் சக்கரத்துக்கு மாற்றும். கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் லீவரில் மட்டும் ஓட்டினால் இந்த உதவி கிடைக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் வழுக்கினால் தண்ணீர். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வின் உள்ளே இருக்கும் ஊசியைக் கழற்றி ஏற்றுங்கள். இடையிடையே காற்றை வெளியே விடாவிட்டால் தண்ணீர் ஏறாது. வால்வில் வழிந்தால் முக்கால் அளவு. டயருக்கு ஏறக்குறைய 150 லிட்டர், இரண்டுக்கும் 300 கிலோ. முழுக்க நிரப்பாதீர்கள்: காற்று மெத்தை இல்லாமல் கல்லில் ஏறினால் டயர் நூல் அறுந்துவிடும். நம் ஊரில் தண்ணீர் உறையாது, எனவே கால்சியம் குளோரைடு வேண்டாம்; ரிம்மைத்தான் அரிக்கும். கலப்பையைத் தூக்கும்போது ஸ்டியரிங் லேசானால் முன்னால் பம்பர் வெயிட் மாட்டுங்கள்.

14.9-28 டயரை, இப்போதுள்ள டயரின் கட்டை தேய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் ரிம் அகலம் ஏற்குமா, மட்கார்டில் உரசுமா என்று பார்த்தே வாங்குங்கள்.

கேள்வி: அதே டிராக்டர் சேற்றுழவுக்கும் போகிறது. தண்ணீர் இருக்கட்டுமா?

பதில்: வேண்டாம், புதையும். இரும்பு வெயிட்டையும் கழற்றிவிட்டு கேஜ் வீல் (கூண்டு போன்ற இரும்புச் சக்கரம்) போடுங்கள். வால்வைக் கீழே வைத்து ஊசியை எடுத்தால் உள்ளிருக்கும் காற்று தண்ணீரை வெளியே தள்ளும்.