இங்கிலாந்தில் பழைய கல் பண்ணை வீடு வாங்கலாமா? சுவர் ஈரம் பிடிக்கும் என்கிறார்களே?

கல் இடுக்குகளில் சிமெண்ட் இருந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். அதைப் பார்த்த பிறகும் வாங்கியவன் நான். அதிலும் சிவில் படித்தவன்.

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதிப் பக்கம், இரண்டாகப் பிரித்த பழைய பண்ணை வீட்டில் பாதி எங்களுடையது. பார்க்கப் போன அன்று மனைவி சன்னல்களிலேயே மயங்கிவிட்டாள். கல்லையே செதுக்கி நிறுத்திய நடுத்தண்டுகள், மேலே மழைத்தண்ணீரை ஒதுக்கிவிடும் கல் விளிம்பு. ஒரு சன்னலை மட்டும் கல் வைத்து அடைத்திருந்தார்கள். (1696 முதல் 1851 வரை இங்கே சன்னலுக்கு வரி இருந்தது. அடைத்த சன்னல் எல்லாமே அதனால்தான் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.) நான் பார்த்தது இடுக்குகளை. சிமெண்ட் வைத்துக் கெட்டியாக அடைத்திருந்தது. "நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள்" என்றேன், பெரிய இன்ஜினியர் மாதிரி.

முதல் குளிர்காலத்திலேயே உள்சுவரில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தது. ஈரம் பார்க்க வந்தவர் ஒரு கருவியைச் சுவரில் குத்தினார், அது கீச்சிட்டது, உடனே துளை போட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். நல்லவேளை, பக்கத்துப் பாதியில் இருப்பவர் வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தார். அவர் சிமெண்ட் ஓரத்துக் கல்லை நகத்தால் நெம்பினார். அப்பளம் மாதிரி ஒரு செதில் கையோடு வந்தது.

விஷயம் இதுதான். இந்தப் பக்கத்துக் கல் மிருதுவான சுண்ணாம்புக்கல். சுவர் இரண்டடி தடிமன், ஆனால் முழுக்கக் கல் கிடையாது. உள்ளே ஒரு முகம், வெளியே ஒரு முகம், நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும். இரண்டையும் பிடித்துக்கொள்ள அங்கங்கே நீளக் கல். மழை கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். சுண்ணாம்புச் சாந்து என்றால் அந்த ஈரம் இடுக்கு வழியாகவே காய்ந்துபோகும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. கல்லுக்குள் நின்ற ஈரம் உறைபனியில் விரிந்து, கல்லின் முகத்தையே உரித்துவிட்டது.

அதே பனியை வைத்துத்தான் அந்தக் காலத்தில் கூரை போட்டிருக்கிறார்கள்! ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்ற கிராமத்தில் தோண்டிய கல்லை ஈரத்தோடு குளிர்காலத்தில் வெளியே போட்டுவைத்தால், பனியே அதைப் பலகை பலகையாகப் பிளந்து கொடுக்கும். பெரியது கீழ் வரிசையில், மேலே போகப் போகச் சிறியது என்று ஓக் மர முளையில் மாட்டுவார்கள். சரிவு கிட்டத்தட்ட 50 டிகிரி. கெல்ம்ஸ்காட் கிராமத்தில், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1871-ல் வாடகைக்கு எடுத்த வீட்டில் இந்தக் கூரையைப் பார்க்கலாம்.

நான்கு வருடப் படிப்பில் சுண்ணாம்புக்குக் கிடைத்தது அரைப் பக்கம். அதையும் தேர்வுக்கு வராது என்று தாண்டிவிட்டார்கள். கடைசி வருடம் முழுக்கச் சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தயார் செய்வதிலேயே போனது. அதைப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், விடுங்கள்.

சிமெண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு வைக்க ஒரு கோடை முழுக்க ஆனது. (பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் உங்கள் வீடு இருந்தால் கை வைக்கும் முன் கவுன்சிலில் கேளுங்கள்.) சாந்து சீக்கிரம் காயக் கூடாதென்று கொத்தனார் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டார். நம் ஊரில் கான்கிரீட் தூணுக்குச் சுற்றுவோமே, அதேதான். சாக்கில் தண்ணீர் தெளிக்கும் வேலையை மட்டும் என்னிடம் கொடுத்தார்.