கார் பேட்டரி அடிக்கடி இறங்கிப் போவது ஏன்?

புதுச்சேரிக்குள் லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதிக்குப் போய்வர மட்டுமே ஓடும் கார், நாலு வருடப் பேட்டரி, காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது, ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இருக்காது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது, ஓட்டமும் போதவில்லை.

ஸ்டார்ட்டர் மோட்டார் ஓரிரு நொடிதான் சுற்றும். ஆனால் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைத் திருப்பி நிரப்ப வேண்டியது ஆல்டர்னேட்டர். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது அது தருவதே குறைவு, அதிலும் ஏசி ஃபேன், ஹெட்லைட் பங்கு போட்டுக்கொள்கின்றன. பழைய பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். இப்படி அரைகுறையாகவே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. நம்மூர் வெயில் வேறு ஆயுளைக் குறைக்கும்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் 12.6 வோல்ட் காட்டினால் ஃபுல், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் சரி. சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், சார்ஜ் ஏற்றியும் அப்படியே விழுந்தால், பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

பேட்டரி தேறினால் வாரம் ஒருமுறை கடலூர் வரை போய் வாருங்கள். டெர்மினலில் (பேட்டரியில் கேபிள் மாட்டும் முனை) வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் (கடற்காற்றுக்குச் சீக்கிரம் வரும்) மைனஸ் கேபிளை முதலில் கழற்றி, சோடா மாவுத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்து, வாசலின் தடவுங்கள். புதிது வாங்கினால் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கடையில் மாதக்கணக்கில் தூங்கியதைத் தலையில் கட்டிவிடுவார்கள்.