உயிர்வாழ்வுக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் காக்ஸ் மாடலை என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: இரண்டு சிகிச்சைக் குழுக்கள், காக்ஸ் மாடல் (இறப்பு போன்ற நிகழ்வு நேரும் வேகத்தைக் குழுக்களுக்கிடையே ஒப்பிடும் கணக்கு) ஓட்டியாயிற்று. ஹசார்ட் ரேஷியோ, அதாவது அந்த இரண்டு வேகங்களின் விகிதம், காலம் முழுக்க ஒரே மாதிரி இல்லை என்று ஷோன்ஃபெல்ட் சோதனை சொல்கிறது, கப்ளான்-மையர் கோடுகளும் (எத்தனை பேர் இன்னும் நிகழ்வின்றி இருக்கிறார்கள் என்று காலவாரியாகக் காட்டுபவை) நடுவில் வெட்டிக்கொள்கின்றன. உங்கள் கைடோ (ஆய்வு வழிகாட்டி) ஒரே ஒரு ஹசார்ட் ரேஷியோ போதும் என்கிறார்.

மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஒற்றை எண்ணைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கோடுகள் ஏன் வெட்டுகின்றன என்று முதலில் தேடுங்கள்.

2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வை எடுத்துக்கொள்வோம். கிழக்காசியாவைச் சேர்ந்த 1217 நுரையீரல் புற்றுநோயாளிகளில் பாதிப் பேருக்கு ஜெஃபிடினிப் மாத்திரை, மீதிப் பேருக்கு வழக்கமான கீமோ. நோய் முற்றுவதற்கோ இறப்புக்கோ ஆன காலத்தை அளந்தார்கள். ஹசார்ட் ரேஷியோ 0.74 (1-க்குக் கீழே என்றால் மாத்திரைக்குச் சாதகம்). இதை மட்டும் படித்தால் மாத்திரைதான் மேல் என்று போய்விடுவோம். ஆனால் மீடியன் காலம் (பாதிப் பேர் அந்த நிலையை எட்ட ஆன காலம்) மாத்திரைக்கு 5.7 மாதம், கீமோவுக்கு 5.8 மாதம், அதாவது கிட்டத்தட்ட ஒன்றுதான். 12 மாத முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்களோ மாத்திரைக் குழுவில் 24.9 சதவீதம், கீமோ குழுவில் 6.7 சதவீதம். முதல் ஆறு மாதம் கீமோ கோடு மேலே, அப்புறம் மாத்திரைக் கோடு மேலே.

காரணம், கட்டியின் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் உள்ள மாற்றம். பரிசோதனை முடிவு கிடைத்த 437 பேரில் 261 பேருக்கு அந்த மாற்றம் இருந்தது. அவர்களிடம் ஹசார்ட் ரேஷியோ 0.48, மாற்றம் இல்லாதவர்களிடம் 2.85. மாத்திரை ஒரு சாராருக்குப் பெரிய உதவி, இன்னொரு சாராருக்குக் கெடுதல். 0.74 இந்த இரண்டில் எவருக்கும் பொருந்தாத எண். ஆகவே கோடுகள் வெட்டினால், ஒரே குழுவுக்குள் இரு வேறு நோயாளிகள் கலந்திருக்கிறார்களா என்று பார்ப்பது என் முதல் வேலை.

இன்னொன்றும் உண்டு. விகிதம் மாறிக்கொண்டே இருக்கும்போது காக்ஸ் தருவது ஒருவகைச் சராசரி. எந்தக் காலத்தில் எத்தனை நிகழ்வுகள், எப்போது சென்சாரிங் (நிகழ்வு நேரும் முன்பே கண்காணிப்பு நின்றுபோவது) என்பதைப் பொறுத்து அது நகரும். அதே மருந்தை ஆறு மாதம் பின்தொடர்ந்தால் ஒரு எண், இரண்டு வருடம் தொடர்ந்தால் வேறு எண்.

அதற்குப் பதிலாக நான் முதலில் போடுவது ஆர்எம்எஸ்டி, அதாவது ஒரு கால எல்லைக்குள் சராசரி உயிர்வாழ்வுக் காலம். ஒரு கால எல்லையை முன்கூட்டியே முடிவு செய்து, அதுவரை கப்ளான்-மையர் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கணக்கிடுவது. விடை மாதக் கணக்கில் வருவதால் டாக்டருக்கும் புரியும், நோயாளிக்கும் புரியும். ஆனால் கோடுகள் வெட்டும்போது முன்பாதியின் நஷ்டமும் பின்பாதியின் லாபமும் கழிந்துபோய் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி வரலாம். அதனால் 6, 12, 24 மாத உயிர்வாழ்வு சதவீதங்களையும் நம்பக இடைவெளியோடு பக்கத்தில் கொடுங்கள்.

இம்யூனோதெரபி போலப் பலன் தாமதமாக வரும் மருந்துக்கு ஃபிளெமிங்-ஹாரிங்டன் எடையிட்ட லாக்-ரேங்க் சோதனை (காலத்தின் சில பகுதிகளுக்குக் கூடுதல் எடை தந்து கோடுகளை ஒப்பிடுவது) பயன்படும். ஆனால் பின்பகுதிக்கு எடை கூட்டினால் ஆரம்பத்தில் நடந்த இறப்புகள் கணக்கில் சிறுத்துப்போகும். எனக்கு அதில் தயக்கம் உண்டு. எப்படியானாலும் எடையைத் தரவு பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

பிரச்சினை சிகிச்சையில் இல்லாமல் வேறொரு மாறியில் இருந்தால் வேலை சுலபம். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு வரும் 'வெட்டரன்' தரவில் (137 நுரையீரல் புற்றுநோயாளிகள்) கார்னோஃப்ஸ்கி மதிப்பெண் (நோயாளியின் அன்றாடச் செயல்திறனை அளப்பது) அப்படித்தான். காலத்தை 90, 180 நாட்களில் வெட்டிப் பார்த்தால் முதல் மூன்று மாதம் அதன் தாக்கம் பலமாகத் தெரியும், அதன் பிறகு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த மாறியின் தாக்கம் உங்களுக்குத் தேவையில்லை என்றால் அதை ஸ்ட்ராட்டாவாக (அதன் மதிப்புவாரியாகத் தனி அடுக்குகளாக) போட்டுவிட்டு நகரலாம். சிகிச்சையையே இப்படிக் காலத்துண்டுகளாக்கினால் மட்டும் கவனம்: இரண்டாவது துண்டில் ஒப்பிடப்படுவது அதுவரை பிழைத்தவர்களை மட்டுமே. ரேண்டமைசேஷன் (குலுக்கல் முறையில் குழு பிரித்தல்) தந்த சமநிலை அங்கே இருக்காது. 2010-இல் நோய்ப்பரவலியல் ஆய்வாளர் ஹெர்னான் எழுதிய கட்டுரையின் மையமே இதுதான்.

கைடு பிடிவாதமாக இருந்தால் ஹசார்ட் ரேஷியோவையும் அட்டவணையில் வையுங்கள். அது எத்தனை மாதப் பின்தொடர்வின் சராசரி என்பதை அதே வரியில் எழுதி, ஆர்எம்எஸ்டி வித்தியாசத்தை அதற்கு மேல் வரியில் போடுங்கள்.