ஊகம் தப்பாகிப் போனால் படிப்பு என்னாகும்?

ஐயா, போன வாரம் தர்மபுரிக்கு வந்தபோது நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் இடவியல் (வடிவங்களை வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத தன்மைகளைப் படிக்கும் கணிதம்) ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். கணிதவியலாளர்கள் சுமார் 40 வருடம் துரத்திய ஒரு ஊகம், அதாவது நிரூபிக்கப்படாத ஒரு கணிப்பு, கடைசியில் தப்பாகிவிட்டது என்று அவளே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். "அத்தனை பேர் உழைப்பும் தண்ணியில போச்சுதானே?" என்றீர்கள்.

போகவில்லை ஐயா. அது தொலைநோக்கி ஊகம். அமெரிக்கக் கணிதவியலாளர் டக்ளஸ் ரேவெனல் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் வந்தது. பரிமாணம் கூடிய கோளத்தைக் குறைந்த பரிமாணக் கோளத்தின் மேல் எத்தனை விதமாகப் போர்த்தலாம் என்பது இத்துறையின் பழைய கேள்வி. அந்த விதங்களில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருபவற்றை, கணக்குப் போடத் தோதான ஒரு வழி முழுக்கப் பிடித்துவிடும் என்பதுதான் ஊகத்தின் சாரம். ரேவெனலுக்கே பிற்பாடு அதில் நம்பிக்கை போய்விட்டது. தப்பென்று காட்ட அவரே முயன்றார். 2023 ஜூனில் பர்க்லண்ட், ஹான், லெவி, ஷ்லாங்க் நால்வரும் அதை முறித்தார்கள். அந்த வழிக்குப் பிடிபடாத போர்த்தல்கள் ஏராளம் என்று தெரிந்தது. அதற்கு அவர்கள் எடுத்த கருவி, பலர் பல வருடம் வளர்த்த இயற்கணித கே-கோட்பாடு என்ற கணிதப் பிரிவு. நால்வரில் லெவி அப்போது முனைவர் பட்ட மாணவர். ஊகம் பொய்த்தாலும் இங்கே யார் உழைப்பும் வீணாகவில்லை.

உங்கள் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எம்.எஸ்சி. 2 வருடம், அப்புறம் முனைவர் பட்டத்துக்குச் சுமார் 5 வருடம் ஆகும். அதன் பிறகும் நம் நாட்டில் இந்தத் துறைக்கான பணியிடங்கள் குறைவு. ஆனால் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள். ஆராய்ச்சி சரிப்படாவிட்டால் எம்.எஸ்சி.யோடு பி.எட். முடித்து முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். அந்தக் கதவு மூடாது.

இப்போதைக்கு எம்.டி.டி.எஸ். என்ற கணித மாணவர்களுக்கான கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நான்கு வாரம் நிரூபணம் எழுதிப் பழகினால், இது தனக்கு ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும். மூன்றாம் ஆண்டில் எம்.எஸ்சி. போன்ற படிப்புகளின் சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதட்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறது. ஓசூர் வழியாகப் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் போய்ப் பார்த்துவிடலாம். ஜாம் விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறக்கும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.